கேத்திக்கு அழுதவர்கள் எட்னாவுக்கு ஏன் அழவில்லை?

கேள்வி இது: "தொண்டு நிறுவனங்களுக்குப் பின்னால் இருக்கும் அரசியலை நேர்மையாகப் பேசும் டிவி நாடகம் ஏதாவது இருக்கிறதா? அப்படி ஒன்றைப் பார்த்து நாட்டில் எதுவும் மாறியிருக்கிறதா, இல்லை பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதோடு சரியா?"

இருக்கிறது. ஒன்று இல்லை, இரண்டு. இரண்டையும் எழுதியவர் ஒருவரே, பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜெரமி சான்ட்ஃபோர்டு. இரண்டையும் ஒளிபரப்பியது பிபிசி. முதலாவது 1966ல் வந்த 'கேத்தி கம் ஹோம்'. 'கேத்தி, வீட்டுக்கு வா' என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது 1971ல் வந்த 'எட்னா, தி இனிப்ரியேட் உமன்', அதாவது 'குடிகாரி எட்னா'. முதலாவதை உலகம் முழுக்கத் தெரியும். இரண்டாவதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் அரசியல், இந்த இரண்டுக்கும் கிடைத்த வரவேற்பில் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் கேத்தி. 1966 நவம்பர் 16, புதன்கிழமை இரவு. இயக்கியவர் கென் லோச், தயாரித்தவர் டோனி கார்னெட். அன்று பார்த்தவர்கள் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் என்பார்கள். நாட்டில் நாலில் ஒருவர் என்று கணக்கு.

கதை எளிமையானது. கேத்தி இளம்பெண், லண்டனுக்கு வருகிறாள். ரெஜ் என்ற டிரைவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். நல்ல ஃபிளாட்டில் குடியேறுகிறார்கள், ஆனால் அங்கே குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. கேத்தி உண்டாகிறாள். ரெஜ்ஜுக்கு விபத்தில் அடிபட்டு வருமானம் குறைகிறது. அப்புறம் ஒவ்வொரு படியாக இறக்கம்தான். மாமியாரின் நெரிசலான வீடு, அங்கிருந்து ஒரு பாட்டியம்மாவின் வாடகை வீடு. பாட்டி இறந்ததும் வாடகை பாக்கி என்று கோர்ட் அமீனா வந்து சாமான்களைத் தெருவில் வைக்கிறான். கேரவன் முகாமுக்குப் போனால், அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு அந்த முகாமே பிடிக்கவில்லை, தீ வைக்கிறார்கள். இடிந்த வீடு, கடைசியில் கவுன்சில், அதாவது உள்ளாட்சி, நடத்தும் விடுதி. அந்த விடுதியில் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் இடம், புருஷன் வெளியே தங்க வேண்டும்.

முடிவை ஒருமுறை பார்த்தால் மறக்காது. விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்ட கேத்தி, இரவில் ரயில் நிலையத்து பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். போக இடமில்லை. சமூகநலத் துறை ஆட்கள் வந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் முகத்தில் கொடுமை எதுவும் இல்லை, கையில் இருக்கும் வேலையை முடிக்கும் அவசரம் மட்டும்தான். கேமரா தோளில் இருக்கிறது, ஆடுகிறது. இது நாடகமா, செய்திப் படமா என்று அன்று பார்த்தவர்களுக்குக் குழப்பம் வந்தது நியாயம்தான். நடுநடுவே, காட்சியில் இல்லாதவர்களின் குரல்கள் கேட்கும். வீட்டுவசதி பட்டியலில் எத்தனை பேர், எத்தனை வருஷக் காத்திருப்பு என்று. இதில் வரும் சம்பவங்கள் எல்லாம் கடந்த பதினெட்டு மாதத்தில் இதே நாட்டில் நடந்தவை என்று கடைசியில் எழுத்து போட்டு முடித்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான விஷயம். கேத்தியாக நடித்த கரோல் வைட்டைத் தெருவில் பார்த்தவர்கள் அவர் கையில் பணத்தைத் திணித்துவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். எனக்கு இந்தச் செய்தி எப்போதும் நெஞ்சில் நிற்கும். கொடுத்தவர்கள் நல்லவர்கள், அவர்கள் துக்கமும் உண்மை. ஆனால் அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது ஒரு நடிகையின் கையில். கேத்தியைப் போன்ற நிஜப் பெண்கள் அதே நகரத்தில் அதே விடுதியில் இருந்தார்கள்.

இரண்டே வாரத்தில், 1966 டிசம்பர் 1 அன்று, வீடற்றோருக்கான 'ஷெல்ட்டர்' என்ற தொண்டு அமைப்பு தொடங்கப்பட்டது. நாடகத்தால் பிறந்த அமைப்பு என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. புரூஸ் கென்ரிக் என்ற பாதிரியார் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் ஏற்கெனவே 1963லிருந்து ஏழைகளுக்கு வீடு ஏற்பாடு செய்துவந்தவர். ஷெல்ட்டருக்கான வேலையும் நாடகத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. நாடகம் வந்த நேரம் அதற்குப் பெரிய காற்றாக அமைந்தது, அவ்வளவுதான். 1967ல் தொடங்கிய, வீடற்றோருக்கான இன்னொரு அமைப்பான 'கிரைசிஸ்'ஸுக்கு நாடகத்தோடு இன்னும் நெருங்கிய உறவு உண்டு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் இயன் மக்லௌட், கன்சர்வேட்டிவ் கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவர். இடதுசாரி இயக்குநரின் நாடகம், பாதிரியாரின் அமைப்பு, வலதுசாரித் தலைவரின் அமைப்பு. வீடில்லாதவர்களுக்கு உதவ வேண்டும் என்பதில் மூன்று தரப்புக்கும் ஒத்த கருத்துதான். ஏன் வீடில்லாமல் போனார்கள் என்று கேட்டால்தான் சண்டை வரும்.

அந்தச் சண்டையைத் தன் நாடகம் தொடவில்லை என்று பின்னாளில் லோச்சே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். நிலம் யார் கையில் இருக்கிறது, கட்டுமானத் தொழில் எப்படி நடக்கிறது, வீட்டுக்கான கடன் பணம் எங்கிருந்து வருகிறது, இவற்றையெல்லாம் பேசாமல் அவலத்தை மட்டும் காட்டிவிட்டோம் என்பது அவர் எண்ணம். நான் இதை முழுக்க ஏற்கவில்லை. அவலத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டியதே பெரிய வேலை. ஆனால் பார்த்தவன் கை பர்ஸுக்குப் போனது, ஓட்டுச்சீட்டுக்குப் போகவில்லை என்பது உண்மை.

இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லணும், ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் குறைவு. புருஷனைத் தனியே பிரிக்கும் அந்த விடுதி விதியை முதலில் எதிர்த்தது நாடகமும் இல்லை, தொண்டு நிறுவனமும் இல்லை. கென்ட் கவுண்டியில் கிங் ஹில் என்ற விடுதி இருந்தது. அங்கே கணவன்மார் வார இறுதியில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், தங்கக் கூடாது. 1965ல் அங்கிருந்த குடும்பங்கள் இதை மீறினார்கள். கணவன்மார் உள்ளே வந்து மனைவி பிள்ளைகளோடு தங்கினார்கள். கவுன்சில் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. தடையை மீறி மனைவியோடு தங்கிய குற்றத்துக்காகச் சிலர் ஜெயிலுக்கே போனார்கள். கடைசியில் 1966ல் கவுன்சில் இறங்கி வந்தது. நாடகம் ஒளிபரப்பாவதற்கு முன்பே நடந்து முடிந்த போராட்டம் இது. கூட நின்ற ரான் பெய்லி, ஜிம் ராட்ஃபோர்டு போன்றவர்கள்தான் 1968ல் லண்டனில் காலி வீடுகளில் குடும்பங்களைக் குடியேற்றும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். நன்கொடை கேட்டு வரும் அறிக்கைகளில் இவர்கள் வருவதில்லை. உதவி கேட்டு நிற்கும் மனிதனைப் பார்த்தால் இரக்கம் வருகிறது, உரிமை கேட்டு உட்கார்ந்துகொள்ளும் மனிதனைப் பார்த்தால் பலருக்கு அந்த இரக்கம் வற்றிவிடுகிறது.

சரி, சட்டம் மாறியதா? மாறியது, பதினோரு வருஷம் கழித்து. 1977ல் ஸ்டீஃபன் ராஸ் என்ற லிபரல் கட்சி எம்.பி. தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த வீடற்றோர் சட்டம். பின்னணியில் ஷெல்ட்டர் போன்ற அமைப்புகளின் நீண்ட உழைப்பு இருந்தது. வீடற்றவர்களுக்கு வீடு தருவது வீட்டுவசதி அதிகாரிகளின் சட்டக் கடமை என்று முதன்முறையாக எழுதப்பட்டது. அதற்கு முன்பு இருந்தது 1948ஆம் வருஷத்துச் சட்டம். அதன்படி தற்காலிகத் தங்குமிடம் கொடுத்தால் போதும், அதையும் பல ஊர்களில் பழைய ஏழைகள் விடுதிக் கட்டடங்களிலேயே கொடுத்தார்கள். அந்த வகையில் 1977 மிகப் பெரிய முன்னேற்றம்.

ஆனால் அந்தக் கடமை யாருக்கு என்று பாருங்கள். 'முன்னுரிமைத் தேவை' உள்ளவர்களுக்கு. யார் அவர்கள்? சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம், கர்ப்பிணி, முதுமையாலோ மனநோயாலோ ஊனத்தாலோ நலிந்தவர், வெள்ளத்திலும் தீயிலும் வீடிழந்தவர். இலவச வீட்டுக்கு ஆசைப்பட்டு வரிசையைத் தாண்டி வந்துவிடுவார்கள் என்று பயந்த எம்.பி.க்களைச் சமாதானப்படுத்த இன்னொரு வடிகட்டியும் சேர்ந்தது. 'வேண்டுமென்றே வீடற்றவர் ஆனவர்' என்றால் முழு உதவி கிடையாது. வாடகை கட்டாமல் வெளியேற்றப்பட்டவரை இந்த வகையில் தள்ளிவிட முடியும்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி நாடகத்தைப் பாருங்கள். சட்டம் கேத்தியை உள்ளே எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் இருக்கிறார்கள், உழைக்கும் புருஷன் இருக்கிறான், குடி இல்லை, குற்றம் இல்லை. பார்ப்பவர் மனதில் ஒரு துளி சந்தேகம்கூட எழாத மனுஷி. ஐம்பது வயதில் வேலை போய், மனைவி பிரிந்து, உடம்பு நன்றாகவே இருக்கும் தனி ஆள் வந்து நின்றால் சட்டத்தில் அவருக்கு இடம் இல்லை. சட்டம் எழுதியவர்கள் நாடகத்தைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. வீடு இல்லாதவர் என்றதும் நாட்டின் மனக்கண்ணில் வந்த முகம் எதுவோ, அந்த முகத்துக்குப் பொருந்தியவருக்கே சட்டம் கடமைப்பட்டது என்கிறேன்.

ஷெல்ட்டருக்காக 1968லிருந்து 1972 வரை சேரிகளில் போய்ப் படம் எடுத்தவர் நிக் ஹெட்ஜஸ். அபாரமான புகைப்படங்கள். ஈரம் ஓதம் ஏறிய சுவருக்கு முன்னால் கைக்குழந்தையோடு தாய், ஒரே கட்டிலில் மூன்று நாலு பிள்ளைகள். படத்தில் இருப்பவர்களின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்று நாற்பது வருஷம் அவற்றின் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். தொண்டு உலகத்தில் இப்படிப்பட்ட மரியாதை அபூர்வம், அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் கவனியுங்கள், மனதில் பதிவது தாயும் பிள்ளையும்தான்.

இப்போது எட்னாவுக்கு வருவோம். கேத்தியை எழுதிய அதே சான்ட்ஃபோர்டு ஐந்து வருஷம் கழித்து வேண்டுமென்றே எதிர்முனைக்குப் போனார். எட்னா வயதானவள். குடிக்கிறாள், கத்துகிறாள், அழுக்காக இருக்கிறாள், நன்றி சொல்லத் தெரியாதவள். பிள்ளை குட்டி இல்லை. இரவு விடுதி, மனநல ஆஸ்பத்திரி, ஜெயில், மறுபடி தெரு என்று சுற்றிக்கொண்டே இருக்கிறாள். பட்ரிஷியா ஹேஸ் நடித்தார். அதுவரை நகைச்சுவை வேடங்களுக்கே அறியப்பட்ட நடிகை, இதற்காக பிரிட்டனின் திரை, டிவி விருதான பாஃப்டா வாங்கினார். இயக்கியவர் டெட் கோட்சேஃப்.

எட்னா கடைசியில் ஒரு தொண்டு விடுதிக்கு வந்து சேர்கிறாள். 'ஜீசஸ் சேவ்ஸ்', அதாவது 'இயேசு காப்பாற்றுகிறார்' என்று பெயர். மற்ற இடங்கள் எல்லாம் அவளை ஒரு கோப்பாக நடத்தின, இங்கே மனுஷியாக நடத்துகிறார்கள். திருந்தினால்தான் இடம் என்ற பேச்சே இல்லை. அவளும் கொஞ்சம் கொஞ்சமாக நிலைக்கிறாள். அங்கேதான் இந்த நாடகத்தின் அரசியல் வருகிறது. தெருக்காரர்களுக்கு அந்த விடுதி வேண்டாம். புகார் கொடுக்கிறார்கள், விசாரணை நடக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு உதவி தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை, எங்கள் தெருவில் வேண்டாம் என்பது மட்டும்தான் வாதம். விடுதி மூடப்படுகிறது. எட்னா மறுபடி நடக்கத் தொடங்குகிறாள்.

தொண்டுப் பணியின் அரசியலை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நாடகத்தை நான் பார்த்ததில்லை. தொண்டு நிறுவனம் என்றால் திருடர்கள் என்றோ தெய்வங்கள் என்றோ காட்டுவது சுலபம். இங்கே விடுதி நடத்தும் பெண் நல்லவர், வேலையும் ஒழுங்காக நடக்கிறது. இருந்தும் தோற்கிறது, ஏனென்றால் இடம், அனுமதி, அக்கம்பக்கம் மூன்றும் அவர் கையில் இல்லை.

எட்னாவுக்கு விருது கிடைத்தது, பாராட்டு கிடைத்தது. எட்னாவைப் போன்ற தனி ஆட்கள் எல்லாரையும் உள்ளே எடுத்துக்கொள்ளும்படி சட்டம் மாற வெகு காலம் ஆனது. ஸ்காட்லாந்தில் 2012 இறுதியில்தான் அந்த முன்னுரிமை வடிகட்டியை நீக்கினார்கள். இங்கிலாந்தில் 2017ல் ஒரு சட்டம் வந்து 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தனி ஆளானாலும் சரி, வீட்டை இழக்காமல் தடுக்கவும் இழந்தால் மீட்கவும் கவுன்சில் முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது அது. இதற்காக உழைத்த அமைப்புகளில் முக்கியமானது 1967ல் பிறந்த அதே கிரைசிஸ். ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது. அப்போதும்கூட, நிரந்தர வீடு தரும் முழுக் கடமைக்கு அங்கே பழைய வடிகட்டி அப்படியே இருந்தது.

என் சொந்த அனுபவம் ஒன்று. லண்டனில் சில குளிர்காலங்கள் ஓர் இரவுத் தங்குமிடத்தில் தன்னார்வலராக இருந்தேன். வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு சர்ச் ஹாலில் நடக்கும். மடக்குக் கட்டில் போட்டு, சூப் காய்ச்சி, காலையில் எல்லாவற்றையும் மடித்து வைக்க வேண்டும். வருபவர்கள் எல்லாரும் தனி ஆட்கள், பெரும்பாலும் ஆண்கள். குழந்தைகள் யாரும் அங்கே தங்கவே முடியாது. ஒரு வருஷம் நன்கொடைக்குத் துண்டுப் பிரசுரம் அச்சடிக்க இரண்டு படங்கள் மேசைக்கு வந்தன. ஒன்று, எங்களிடம் தங்கிய ஒருவர் காலையில் தன் கோப்பையைக் கழுவும் படம், அவர் சம்மதத்தோடு எடுத்தது. பின்பக்கம் வெளிச்சம், நரைத்த தாடி, கையில் நுரை. இன்னொன்று விலைக்கு வாங்கிய படம், போர்வைக்குள் தாயும் மகளும். ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம், ஆறு பேர் இரண்டாவதற்குக் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். ஹீட்டருக்குக் கட்ட வேண்டிய பில் அந்த மேசையிலேயே இருந்தது. அந்த வருஷம் நன்கொடை நன்றாகவே வந்தது. கை தூக்காத அந்த ஒருத்தர், சமையல் பார்க்கும் ஒரு வயதான அம்மா, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதை அவர் பார்த்தால் என்ன நினைப்பார்?" கோப்பை கழுவியவர் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. எட்னாவை நான் தேடிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

பணத்தின் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லணும். இங்கிலாந்துச் சட்டப்படி அரசியல் நோக்கத்துக்காக இருக்கும் அமைப்பு தொண்டு நிறுவனமாக முடியாது. 1917லிருந்து கோர்ட் தீர்ப்புகள் இதையே சொல்லி வருகின்றன. 1981ல் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி தொடர்பான ஓர் அறக்கட்டளை வழக்கிலும் இதேதான். சட்டத்தை மாற்றச் சொல்வது முதன்மை நோக்கமாக இருந்தால் தொண்டு அந்தஸ்தும் வரிச்சலுகையும் கிடையாது. தன் தொண்டு நோக்கத்துக்கு உதவும் அளவுக்குப் பிரசாரம் செய்யலாம், கட்சி சார்பு கூடாது. அந்த எல்லை எங்கே என்பதில்தான் வருஷம் முழுக்கக் கவலை. 1991ல் தென்னாப்பிரிக்கா பற்றிய பிரசாரத்துக்காக, வறுமை ஒழிப்புத் தொண்டு நிறுவனமான ஆக்ஸ்ஃபாமை, தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அறக்கட்டளை ஆணையம் கண்டித்தது. இப்படி ஒன்று நடந்தால் மற்ற நூறு அமைப்புகள் தங்கள் அறிக்கையில் ஒரு வரியைத் தாங்களே அடித்துவிடுகின்றன. போர்வை கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. போர்வை ஏன் தேவைப்படுகிறது என்று எழுதும்போதுதான் வக்கீலைக் கேட்க வேண்டியிருக்கிறது.

லோச் இதை நேரடியாகவே அனுபவித்தார். 1969ல் குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனமான 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பின் ஐம்பதாம் ஆண்டுக்கு ஓர் ஆவணப்படம் எடுத்துத் தந்தார். அமைப்பின் பணமும் அதில் உண்டு. பிரிட்டனிலும் கென்யாவிலும் எடுத்தார். ஏழைப் பிள்ளைகளைப் பற்றி மேல்தட்டு மனிதர்கள் பேசும் தோரணையையும், விடுதலை அடைந்த கென்யாவில் ஆங்கிலேயப் பள்ளியின் அச்சாக நடக்கும் பள்ளியையும் அப்படியே காட்டிவிட்டார். அமைப்புக்குக் கடுங்கோபம். படம் ஒளிபரப்பாகவில்லை. ஆவணக் காப்பகத்தில் பூட்டி வைக்கப்பட்டு, 2011ல்தான், அந்த அமைப்பின் சம்மதத்தோடு, பொதுமக்கள் பார்த்தார்கள். 42 வருஷம். கேத்தியைக் கொண்டாடியவர்கள் நிறைந்த அதே நாட்டில்தான் இது. கேத்தியில் குற்றவாளிகள் கவுன்சிலும் அமீனாவும், இந்தப் படத்தில் கேமரா கொடுப்பவர் பக்கம் திரும்பியது.

இன்னும் ஒரு கணக்கு. 1968ல் பிரிட்டனில் ஒரே வருஷத்தில் கட்டப்பட்ட வீடுகள் நாலு லட்சத்துக்கும் மேல், அதில் ஏறக்குறைய பாதி கவுன்சில்கள் கட்டியது. 1980ல் குடியிருப்பவர்களுக்கே கவுன்சில் வீட்டைத் தள்ளுபடி விலையில் விற்கும் சட்டம் வந்தது. அதன் பிறகு இங்கிலாந்தில் மட்டும் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின, அந்த அளவுக்குத் திரும்பக் கட்டப்படவில்லை. எந்தத் தொண்டு நிறுவனம் எவ்வளவு திரட்டினாலும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. அந்த நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், நான் பேசியவர்கள் யாரும் மறுத்ததில்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு: ஆமாம், மாறியது. நாடகம் ஒரு நாட்டை ஒரு முகத்தைப் பார்க்க வைத்தது, அந்த முகத்துக்கு வீடு கிடைக்க வழி பிறந்தது. அதை நான் சிறுமைப்படுத்தவே மாட்டேன், எத்தனையோ பிள்ளைகள் தாயோடு தூங்கியிருக்கிறார்கள். வெளியே நின்ற முகங்களுக்கு வேறு நாடகமும், இன்னொரு நாற்பது ஐம்பது வருஷமும் தேவைப்பட்டது.

பார்ப்பதாக இருந்தால் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் எட்னா. அவள் கத்தல் எரிச்சலூட்டும், பாதியில் நிறுத்தத் தோன்றும், நிறுத்தாதீர்கள். விடுதிக்கு எதிராகத் தெருக்காரர்கள் பேசும் காட்சி வரும்போது அவர்கள் வாதம் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேளுங்கள், மரியாதையான மனிதர்கள், மரியாதையான சொற்கள். அப்புறம் ஒரு நாள் விட்டு கேத்தி. ரயில் நிலையக் காட்சியில் அழுகை வரும், வரட்டும். அந்த நேரத்தில் பெஞ்சில் கேத்தி இருக்கும் இடத்தில் எட்னாவை உட்கார வைத்துப் பாருங்கள்.